வேடந்தாங்கல் கற்பிக்கும் கூட்டுறவு

அறுவடை முடிந்து கையில் சிறிது ஓய்வு கிட்டும் தை, மாசி மாதங்களில் நம் சங்கங்கள் பலவும் அங்கத்தினர்களைச் சுற்றுலா அழைத்துச் செல்வது வழக்கம். கோயில், அணைக்கட்டு, பொருட்காட்சி, வேறு ஊர்ச் சங்கத்தின் ஆலை என்று போகும் இடங்கள் பெரும்பாலும் முன்னரே முடிவானவையாக இருக்கும். அந்த வரிசையில் வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்தையும் சேர்க்க வேண்டும் என்பது என் யோசனை. பறவைகள் அழகானவை என்பதற்காக மட்டும் இதைக் கூறவில்லை. கூட்டுறவு என்ற சொல் நம் சட்டப் புத்தகத்தில் ஏறுவதற்கு ஒரு நூற்றாண்டிற்கு முன்னரே, ஓர் ஊர் மக்கள் தம் பொதுச் சொத்து ஒன்றைத் தாமே விதித்துக்கொண்ட கட்டுப்பாட்டினால் காத்து நின்றனர். அந்தக் காவலின் பயனை இன்றும் கண்ணால் காணக்கூடிய இடம் அது. எனவே அங்கே செல்லும் சங்க அங்கத்தினர் வேடிக்கை பார்ப்பவராகச் செல்லாமல் பங்காளியாகச் செல்ல வேண்டும். அதற்கான காரணங்களையும், அப்படிச் செல்வதால் நமக்கு ஏற்படும் கடமைகளையும் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

செங்கற்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்தில், சென்னைக்குத் தென்மேற்கே சுமார் 75 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது வேடந்தாங்கல். திருச்சி நெடுஞ்சாலையில் படாளம் கூட்டுச்சாலையில் திரும்பிச் சென்றால் ஊரை அடையலாம். ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர், அதாவது 73 ஏக்கர் அளவுதான். மதுராந்தகம் ஏரியைப் பார்த்த கண்ணுக்கு இது சிறு குட்டையாகவே தோன்றும். ஆயினும் வடகிழக்குப் பருவ மழையில் ஏரி நிரம்பியதும் நீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களிலும் கருவேல மரங்களிலும் ஆயிரக்கணக்கான பறவைகள் வந்து கூடு கட்டுகின்றன. நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா, பல வகை வெண்கொக்குகள் ஆகியவை இங்கே குஞ்சு பொரிப்பவை. ஊசிவால் வாத்தும் கிளுவையும் வடதேசங்களிலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க வருபவை. மரநிழல் படிந்த ஏரிக்கரையே நடைபாதையாக அமைந்துள்ளது. அதன்மீது மெல்ல நடந்தும், காட்சிக் கோபுரத்தின் மீது ஏறியும் இவற்றைக் காணலாம்.

ஊரார் பெற்ற உரிமைச் சீட்டு

இச்சரணாலயத்தின் வரலாறு அரசாங்க உத்தரவோடு தொடங்கவில்லை. கம்பெனி ஆட்சிக் காலத்தில் வெள்ளைச் சிப்பாய்கள் இங்கு வந்து பறவைகளைச் சுடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டிருந்தனர். ஊரார் இதைப் பொறுக்கவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் அன்றைய கலெக்டர் லயனல் பிளேஸ் என்பவரிடம் முறையிட்டு, ஏரியில் எவரும் பறவைகளைக் கொல்லலாகாது என்று கவுல் பெற்றனர். மதுராந்தகத்து ஏரி காத்த இராமர் கோயிலைப் பற்றிய கர்ண பரம்பரைக் கதையில் வரும் கலெக்டரும் இவரே. பின்னர் 1858-இல் ஊரார் தம் உரிமையை மீண்டும் எழுத்து மூலம் உறுதி செய்துகொண்டனர். 1936-இல் இது சரணாலயமாக அங்கீகரிக்கப்பெற்றது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, 1998-இல் ஏரியும் அதைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரையிலான பகுதியும் அச்சட்டத்தின் கீழ்ச் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றன. 2022-இல் ராம்சார் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் வேடந்தாங்கலும் இடம் பெற்றது.

இந்த ஆண்டுகளின் வரிசையை நம் அங்கத்தினர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். முதலில் வந்தது ஊராரின் உறுதி. அதன் பிறகே எழுத்தும், உத்தரவும், சட்டமும், உலகப் புகழும் வந்தன. நம் இயக்கத்தின் வரலாறும் இதைப் போன்றதே. இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது 1904-இல். அதே ஆண்டில் அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் விவசாயிகளின் கடன் சங்கம் தோன்றியது. அந்தத் திரூர் இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் சட்டம் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே நம் கிராமங்களில் ஏரி காக்கும் குடிமராமத்தும், மதகு திறக்கும் முறைகாவலும் இருந்தன. சட்டம் அந்தப் பழக்கத்திற்கு ஒரு பதிவேட்டையும் முத்திரையையும் தந்தது. பழக்கமே இல்லாத இடத்தில் முத்திரை மட்டும் என்ன செய்யும் என்பதை, பதிவு பெற்றுப் பலகை மாட்டி, இரண்டே ஆண்டுகளில் கலைந்துபோன சங்கங்களைக் கண்ட நமக்கு எவரும் எடுத்துக்கூற வேண்டியதில்லை.

பறவை கட்டும் வைப்புத்தொகை

ஊரார் பறவைகளைக் காத்தது ஜீவகாருண்யத்தினால் மட்டுமா என்று கேட்கலாம். அவர்களுக்கு அதில் ஆதாயமும் இருந்தது; அதை மறைக்க வேண்டியதில்லை. கூடுகளில் இருக்கும் பறவைகளின் எச்சம் நாள்தோறும் ஏரி நீரில் விழுகிறது. அதில் தழைச் சத்தும் மணிச் சத்தும் உண்டு. அந்த நீர் மதகின் வழியே ஆயக்கட்டு வயல்களுக்குப் பாயும்போது, நீரோடு உரமும் பாய்கிறது. எச்சம் கலந்த இந்நீர் தம் நெற்பயிருக்கு ஊட்டம் என்பது வேடந்தாங்கல் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்த அனுபவம்.

இந்த உரம் எங்கிருந்து வருகிறது என்பதை எண்ணிப் பார்த்தால் வியப்பு உண்டாகும். அத்தனை பறவைகளுக்கும் போதுமான இரை 73 ஏக்கர் ஏரியில் இல்லை. அவை காலையில் எழுந்து சுற்றுப்புறத்துக் குளங்களுக்கும் கழனிகளுக்கும் பறந்து சென்று மீனும் நத்தையும் தவளையும் பூச்சியும் தின்று மாலையில் கூட்டுக்குத் திரும்புகின்றன. பல ஊர்களின் நீர்நிலைகளிலிருந்து சிறுகச் சிறுகச் சேர்த்ததை ஓர் ஏரியில் கொண்டுவந்து சேர்க்கின்றன. நம் சங்கத்தின் வைப்புத்தொகைக் கணக்கு நடக்கும் முறையும் இதுதான். தனித்தனியே எவர் கையிலும் பெரிதாகத் தோன்றாத சிறு தொகைகள் ஓரிடத்தில் சேரும்போது ஒரு பருவத்தின் பயிர்க்கடனாக உருவெடுக்கின்றன அல்லவா?

இதில் வேறொரு நன்மையும் உண்டு. நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் சற்றே இடைவெளி விட்டிருக்கும். நத்தையைக் கவ்வி ஓட்டிலிருந்து சதையை வெளியே எடுப்பதற்கேற்ற கருவி அது. வயல் நத்தைகளைத் தேடி அது நம் கழனிகளில் நடந்து திரிவதை விவசாயிகள் நன்கு அறிவார்கள். கூலி கேளாமல் வேலை செய்யும் இத்தகைய ஆளை விரட்டிவிட்டுக் கடையில் மருந்து வாங்கி வருவது சிக்கனம் ஆகாது.

ஆனால் ஓர் உண்மையை மறைத்தலாகாது. மூட்டையில் யூரியா கிடைக்கத் தொடங்கிய பிறகு, விவசாயியின் வரவு செலவுக் கணக்கில் பறவை எச்சத்தின் மதிப்பு முன்னைப்போல் இல்லை. ஆதாயத்தை மட்டுமே அடிப்படையாகக் கொண்ட கட்டுப்பாடு, ஆதாயம் குறையும்போது தளரக்கூடியது. வேடந்தாங்கலில் அது இன்றளவும் தளரவில்லை என்பதே நாம் போற்ற வேண்டிய செய்தி. பறவைகள் மிரளும் என்பதற்காக அவ்வூரார் பட்டாசு வெடிப்பதில்லை. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டியிலும் தீபாவளியன்று வேட்டுச் சத்தம் கேட்பதில்லை. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் பறவைகள் ஏரியோடு நில்லாமல் ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. அவை வருவதை ஊரின் அதிருஷ்டமாக அம்மக்கள் கருதுகின்றனர். வருமானத்திற்காகத் தொடங்கிய ஒழுங்கு காலப்போக்கில் ஊரின் மானமாக மாறியிருக்கிறது. ஒரு சங்கத்தின் உறுதியை அறிய விரும்பினால், இலாப ஈவு வழங்க இயலாத ஆண்டில் அதன் பொதுக்குழுவுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். இந்த ஊர்கள் அத்தகைய சோதனையில் தேறியவை.

73 ஏக்கர் மட்டும் போதாது

பறவைகள் தங்குவது ஓரிடம், இரை தேடுவது பல இடம் என்று மேலே கண்டோம். இதிலிருந்து முக்கியமான ஒரு முடிவு கிடைக்கிறது. வேடந்தாங்கல் ஏரியைச் சுற்றி எவ்வளவு உயரமாக வேலி போட்டாலும், சுற்றியுள்ள சிற்றேரிகள் தூர்ந்து, வரத்துக் கால்வாய்கள் ஆக்கிரமிக்கப்பட்டு, கழனிகளில் விஷம் தெளிக்கப்பட்டால் பறவைகள் பிழைக்கமாட்டா. அதனாலேயே சரணாலயத்தின் எல்லை ஏரிக்கரையோடு நில்லாமல் 5 கிலோமீட்டர் வரை விரிந்தது. 2020-இல் இந்த எல்லையை 3 கிலோமீட்டராகக் குறுக்க ஒரு முன்மொழிவு எழுந்தபோது பறவை அறிஞர்களும் பொதுமக்களும் கடுமையாக எதிர்த்ததற்கும் அதுவே காரணம். எல்லைக்குள் நிலம் வைத்திருப்போருக்கு இதனால் சில கட்டுப்பாடுகள் உண்டு என்பது மெய்யே. அவர்களுடைய குறைகளைக் கேட்டுத் தீர்க்க வேண்டியதும் நியாயமே. அதற்கு வழி எல்லையைக் குறுக்குவது அன்று. இரை தேடும் நிலம் போனால் கூடு கட்டும் மரம் வீணே நிற்கும்.

பூச்சி மருந்து விஷயத்தில் உலகம் கற்ற பாடம் ஒன்று உண்டு. டி.டி.டி. மருந்தின் நச்சு மீன்களின் உடலில் சேர்ந்து, அம்மீன்களைத் தின்னும் பறவைகளின் உடலில் இன்னும் மிகுதியாகச் சேர்ந்தது. அப்பறவைகள் இட்ட முட்டைகளின் ஓடு மெலிந்தது. அமெரிக்க நாட்டில் தாய்ப் பறவை அடைகாக்க அமர்ந்ததும் முட்டை நொறுங்கும் நிலை கூழைக்கடாக்களுக்கும் நேர்ந்தது. ரேச்சல் கார்சன் அம்மையார் 1962-இல் இத்தகைய மருந்துகளின் தீங்கைப் பற்றிப் புத்தகம் எழுதி உலகை எச்சரித்தார். நம் நாட்டில் 1989-இல் விவசாயத்திற்கு டி.டி.டி. பயன்படுத்துவது தடை செய்யப்பட்டது. ஒரு மருந்து போயிற்று. ஆனால் கண்ட மருந்தைக் கண்ட அளவில் தெளிக்கும் பழக்கம் முற்றும் போகவில்லை. எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து, எவ்வளவு, எப்போது என்பதை விற்பனைச் சீட்டுடன் சொல்லித் தரும் கடமை, உரமும் மருந்தும் விற்கும் நம் சங்கங்களுக்கு உண்டு. வேடந்தாங்கல் சென்று பறவைகளைப் பார்த்து மகிழ்ந்த கையோடு ஊருக்கு வந்து அளவுக்கு மீறி மருந்து தெளித்தால், பார்த்தது வீண்.

தண்ணீரும் அப்படியே. எந்தப் பாசன ஏரியிலும் பயிர் ஒரு பங்கு கேட்கும். கூடு கட்டிய பறவையும் ஒரு பங்கு கேட்கும். மரத்தின் அடியில் தண்ணீர் நிற்கும் வரை நாயும் நரியும் பூனையும் மனிதரும் கூட்டை எளிதில் அணுக முடியாது. குஞ்சுகள் பறக்கும் முன்னர் ஏரி வற்றிவிட்டால் அந்தக் காவல் நீங்கிவிடும். ஆகவே மதகைத் திறப்பதிலும் மூடுவதிலும் நிதானம் வேண்டும். அதற்கு ஆயக்கட்டுதாரர்கள் ஒன்றுகூடிப் பேசி முடிவெடுக்கும் பழக்கம் உயிரோடு இருக்க வேண்டும். தனித்தனியே ஒவ்வொருவரும் தம் வயலை மட்டும் நினைத்தால், கடைமடைக்காரரும் கஷ்டப்படுவார், பறவையும் கஷ்டப்படும்.

நெசவாளருக்கு இதில் என்ன?

இதுவரை படித்த நெசவாள அங்கத்தினர், இது விவசாயிகளின் விஷயம் என்று எண்ணக்கூடும். அவர்கள் ஈரோடு மாவட்டத்திற்கு ஒரு முறை சென்று வர வேண்டும். ஈரோட்டிலிருந்து சென்னிமலை செல்லும் வழியில் வெள்ளோடு பறவைகள் சரணாலயம் இருக்கிறது. ஏறத்தாழ 77 ஹெக்டேர் பரப்புடைய அந்த ஏரியும் 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதன் சுற்றுப்புறக் கிராமங்களிலும் பறவைகளுக்காகப் பட்டாசு வெடிக்காமல் தீபாவளி கொண்டாடுகின்றனர். அங்கிருந்து சிறிது தூரத்தில் உள்ள சென்னிமலையோ போர்வைக்கும் படுக்கை விரிப்புக்கும் பெயர் பெற்ற கைத்தறி ஊர். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் வேரூன்றிய ஊர். அதே வட்டாரத்தில் நொய்யலாற்றின் குறுக்கே உள்ளது ஒரத்துப்பாளையம் அணை.

இந்த அணை பாசனத்திற்காகக் கட்டப்பட்டு 1992-இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஆனால் மேலே திருப்பூரிலிருந்து வந்த சாயக் கழிவு நீர் அதில் தேங்கியது. தண்ணீர் வேண்டும் என்று அணை கேட்ட விவசாயிகளே, இந்தத் தண்ணீரைத் திறந்துவிடாதீர் என்று போராடும் நிலை வந்தது. வழக்குகள் நடந்தன. முடிவில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், கழிவு நீரை முற்றிலும் சுத்திகரிக்காத திருப்பூர்ச் சாய, சலவைப் பட்டறைகளை மூடுமாறு உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் மூடப்பட்டன. தொழிலாளர் பலர் வேலை இழந்தனர். ஆற்றைக் கெடுத்ததன் விலையை முதலில் விவசாயி கொடுத்தார். பின்னர்த் தொழிலாளி கொடுத்தார். சாயம் போட்ட துணியை உடுத்தியவர் மட்டும் ஒன்றும் கொடுக்கவில்லை.

அந்தக் கழிவு பெரும்பாலும் பின்னலாடைத் தொழிலைச் சார்ந்தது, கைத்தறியைச் சார்ந்தது அன்று என்று கூறுவது பொருந்தும். ஆனால் நம் தறியில் ஏறும் பாவும் ஊடையும் சாயமிட்ட நூலே. நூலுக்குச் சாயமிடும் பட்டறை தன் கழிவு நீரை எங்கே விடுகிறது என்று கேட்கும் உரிமை, மொத்தமாக நூல் வாங்கும் சங்கத்திற்கு உண்டு. தனி நெசவாளர் கேட்டால் பட்டறைக்காரர் பதில் சொல்லமாட்டார். நூறு தறிகளின் சார்பில் சங்கம் கேட்டால் பதில் சொல்லியே தீர வேண்டும். விலையும் தரமும் பார்க்கும் கொள்முதல் குழு, இந்த ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்பதனால் சங்கத்திற்குக் கெடுதல் எதுவும் விளையாது.

நெசவாளர் செய்யக்கூடிய உதவி இன்னொன்றும் உண்டு. ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உண்டு. 2021-இல் அரசாங்கம் மஞ்சப்பை இயக்கத்தையும் தொடங்கியது. ஆயினும் நீர்நிலைகளின் கரையில் பிளாஸ்டிக் பை பறப்பது நிற்கவில்லை. சுற்றுலா செல்லும் ஒவ்வொருவர் கையிலும் சங்கத்துத் துணிப்பை ஒன்று இருக்கட்டும். கொண்டுசென்ற உணவின் மிச்சமும் காகிதமும் அதிலேயே திரும்பி வரட்டும். இதனால் ஏரிக்கரை சுத்தமாகும். தறிக்கும் சிறிது வேலை கிடைக்கும்.

எப்படிச் செல்வது?

மழை பொய்த்து ஏரி நிரம்பாத ஆண்டில் பறவைகள் வருவதில்லை. ஆதலால் புறப்படுமுன் அவ்வாண்டு ஏரியில் நீர் உண்டா என்று வனத்துறையினரிடம் கேட்டறிவது அவசியம். நல்ல மழை பெய்த ஆண்டில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சிறந்த காலம். விடியற்காலையிலும் மாலை 4 மணிக்குப் பிறகும் பார்ப்பதே நன்று. உச்சி வெயிலில் பறவைகள் ஓய்ந்திருக்கும்; பார்ப்பவரும் ஓய்ந்துபோவார். மாலையில் நாரைகளும் கொக்குகளும் கூட்டம் கூட்டமாகத் திரும்பும் வேளையில், பகலெல்லாம் மரத்தில் உறங்கிய வக்கா இரை தேடப் புறப்படும். ஆலையில் ஒரு முறைக்காரர் வெளியேற மறுமுறைக்காரர் உள்ளே செல்வது போன்ற காட்சி அது.

நூறு பேரை ஒரே கூட்டமாகக் கரையில் நடத்திச் செல்லலாகாது. பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் ஒரு பொறுப்பாளரை நியமிக்க வேண்டும். கண்ணைப் பறிக்கும் நிறங்களைத் தவிர்த்து, மண்ணிறமோ இலைப்பச்சையோ உடுத்தலாம். ஒலிபெருக்கி, பாட்டுப்பெட்டி, கைத்தட்டல் ஆகியவற்றை வாயிலுக்கு வெளியிலேயே விட்டுவிட வேண்டும். பாதையை விட்டு இறங்கலாகாது. பறவை பறக்கும் காட்சியைப் படம் பிடிப்பதற்காகக் கல்லெறியும் கொடிய வழக்கத்தை எங்கு கண்டாலும் தடுக்க வேண்டும். இவை வெறும் மரியாதைக்காகச் சொல்லப்படும் விதிகள் அல்ல. மிரண்ட தாய்ப்பறவை கூட்டை விட்டு எழும்பினால், முட்டையும் இறகு முளைக்காத குஞ்சும் வெயிலில் வாடும். அருகில் காத்திருக்கும் காக்கையோ பருந்தோ அவற்றைக் கவர்ந்து செல்லும். நாம் ஒரு நிமிஷம் சிரித்து மகிழ்வதற்கு ஒரு கூடு விலையாகலாம்.

ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பறவை பார்க்கப் போவதா என்று சில அங்கத்தினர் கேட்பர். நியாயமான கேள்விதான். குழித்தறியில் காலை முதல் மாலை வரை குனிந்து அமரும் நெசவாளருக்கு ஒரு நாள் கூலி சிறிய தொகை அன்று. ஆகவே இச்செலவைச் சங்கத்தின் கல்வி நிதியிலிருந்து செய்யத்தக்க பயிற்சியாகக் கருத வேண்டும். வெறும் உல்லாசப் பயணமாக அமைந்தால் அச்செலவை நானே எதிர்ப்பேன். கரையில் நடந்த பிறகு ஊர்ப் பெரியவர்களோடு ஒரு மணி நேரம் அமர்ந்து, ஏரியை எப்படிக் காக்கிறார்கள், தண்ணீரை எப்படிப் பங்கிடுகிறார்கள், விதியை மீறியவரை எப்படித் திருத்துகிறார்கள் என்று கேட்டறிந்து வர வேண்டும். மாநாடுகளில் நாம் கேட்கும் சொற்பொழிவுகளைக் காட்டிலும் அது அதிகம் பயன் தரும்.

ஊருக்கு உரிய பங்கு

காவல் புரியும் ஊருக்கு அதனால் என்ன கிடைக்கிறது என்பதையும் நாம் பேச வேண்டும். பார்வையாளர் வருகிறார், கட்டணம் கொடுக்கிறார், வண்டிகள் புழுதி கிளப்பிச் செல்கின்றன. ஊராரோ ஆண்டு முழுவதும் கட்டுப்பாடுகளோடு வாழ்கின்றனர். தம் மகிழ்ச்சியைக் குறைத்துக்கொண்டு பொதுச் சொத்தைக் காப்பவருக்கு அதன் வருவாயில் நியாயமான பங்கு இருத்தல் வேண்டும். அதன் வரவு செலவு கிராம சபையில் பகிரங்கமாக வாசிக்கப்பெறவும் வேண்டும் என்பது என் கருத்து. எந்தச் சங்கத்திலும் பங்குத் தொகை செலுத்தியவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. வேடந்தாங்கல் ஊராரும் தலைமுறைகளாகப் பங்குத் தொகை செலுத்தியவர்களே. சரணாலயத்திற்குச் செல்லும் நாமும், உணவையும் தேநீரையும் அவ்வூர்க் கடைகளிலேயே வாங்கி உண்பதன் மூலம் நம் பங்கைச் சிறிதளவேனும் செலுத்தலாம்.

சட்டமும் வனத்துறையும் இருக்கும்போது நமக்கு ஏன் இந்தக் கவலை என்பாரும் உளர். சட்டம் அவசியமே. சிப்பாய்களின் துப்பாக்கியை நிறுத்த ஊராருக்கும் கலெக்டரின் கவுல் தேவைப்பட்டது. ஆனால் காவலர் எல்லா இரவும் எல்லாக் கரையிலும் நிற்க முடியாது. சட்டம் எட்டாத இடத்தில் அண்டை வீட்டாரின் கண் எட்டும். கடன் வாங்கியவர் தவணை தவறாமல் கட்டுவது வழக்கு மன்றத்திற்கு அஞ்சி மட்டும் அன்று. ஜாமீன் நின்ற அயலாரின் முகத்தில் விழிக்க வேண்டுமே என்பதற்காகவும் தான். வேடந்தாங்கலைக் காத்ததும் அந்தக் கூச்சமும் அந்தப் பொறுப்பும் சேர்ந்த ஊர்க்கட்டு.

ஆகவே வரும் பொதுக்குழுவில் ஒவ்வொரு சங்கமும் மூன்று தீர்மானங்களைப் பரிசீலிக்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை அங்கத்தினர்களையும் அவர்தம் பிள்ளைகளையும் அருகிலுள்ள பறவைகள் சரணாலயம் ஒன்றிற்கு மேற்கூறிய முறையில் அழைத்துச் செல்வது ஒன்று. பூச்சி மருந்து விற்பனையிலும் சாய நூல் கொள்முதலிலும் நீர்நிலைக்குக் கேடு வராத வகையை விசாரித்து நடப்பது இரண்டு. நம் சொந்த ஊர் ஏரியின் வரத்துக் கால்வாயைப் பருவ மழைக்கு முன் நம் கையாலேயே தூர் வாரி வைப்பது மூன்று. மூன்றாவது தீர்மானமே கடினமானது. பறவைகளுக்கு அதிகம் உதவுவதும் அதுவே. எந்த ஏரியில் தண்ணீர் நிற்கிறதோ அங்கே அவை இரை தேடி வரும். வேடந்தாங்கலில் கண்ட நாரையை அடுத்த கார்த்திகையில் நம் ஊர்க் கழனியிலும் காணும்படி செய்வோமானால், அந்தப் பயணத்திற்குச் சங்கம் செலவிட்ட பணம் வட்டியுடன் வசூலானதாகவே கருதலாம்.